டாக்டர் முகிலன் பார்த்த நாடி

அரசு ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டும் பேச்சியம்மாள், மகள் தமயந்தியை வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைக்க ஏஜென்ட் கனகராஜைப் பார்க்கப் போனாள்.

“ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துட்டு இப்பவே கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு சீட் இருக்காது. உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா. இதோ, டாக்டர் முகிலன். அந்தக் காலேஜ்லதான் படிச்சாரு” என்றார் கனகராஜ்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட இளைஞன் தலையாட்டினான். தமயந்தி பேனாவைத் திறந்துவிட்டாள். பேச்சியம்மாள் முகிலனை ஏற இறங்கப் பார்த்தாள். கொடுத்தால் சர்டிபிகேட் திரும்ப வருமா?

திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தாள்.

“ஐயோ அம்மா! டாக்டர், பாருங்களேன்!” என்று தமயந்தி அலறினாள்.

முகிலனுக்கு வியர்த்துக் கொட்டியது. பேச்சியம்மாளின் புறங்கையை அழுத்திப் பார்த்தான்.

“சார், நாடியே இல்ல! சீக்கிரம் ஒரு டாக்டரைக் கூப்பிடுங்க!” என்று கத்தினான்.

பேச்சியம்மாள் கண்ணைத் திறந்தாள்.

“பதினெட்டு வருஷமா எத்தனையோ டாக்டரைப் பார்த்துட்டேன். புறங்கையில நாடி தேடினவர் நீங்க ஒருத்தர்தான் தம்பி.”

அழுதுகொண்டிருந்த மகளை அணைத்தபடி, சர்டிபிகேட் பையை எடுத்துக்கொண்டாள் பேச்சியம்மாள்.

“எந்திரி தாயி, வேற காலேஜ் பார்ப்போம். இவங்க டாக்டரே டாக்டரைத் தேடுறாரு.”