கழுதை நொண்டிய கால்

முன்னொரு காலத்தில், பெரிய நதியொன்று தெற்கே பிறந்து வடக்கே ஓடும் கறுத்த மண் நாட்டில், அமனிதாகா என்ற அரசர் இருந்தார். ஒரு வருடம் வெள்ளம் வந்தபோது, புதுத் தண்ணீரில் தானே முதலில் காலை வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. பூசாரிகள் வேண்டாம் என்றார்கள். அரசர் கேட்கவில்லை. காலை வைத்தார். சேற்றில் படுத்திருந்த ஒரு கெளுத்தி மீன் தன் முள்ளால் அவர் இடது பாதத்தைப் பதம் பார்த்துவிட்டது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரசருக்கு உடம்பில் எங்கே வலிக்கிறதோ, அவையில் உள்ள எல்லோருக்கும் அங்கே வலிக்க வேண்டும். முன்பு ஒரு அரசருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டபோது, அவை முழுவதும் இரண்டு மாதம் வடக்குத் திசையை மட்டுமே பார்த்ததாம்.

ஆகவே மறுநாள் காலை எல்லோரும் நொண்டினார்கள். வில்லாளிகளின் தலைவர் நொண்டிக்கொண்டே குறி பார்த்ததில் நான்கு தண்ணீர்ப் பானைகள் போயின. முரசு அடிப்பவர் நடக்க நடக்கத் தாளம் மாறியது. முதலமைச்சர் வயேக்கியோ வீட்டிலும் நொண்டினார், தூங்கப் போகும்போதும் நொண்டினார். அவர் வலிமுகத்தைப் பார்த்து அரசருக்கே இரக்கம் வந்தது.

விகடகவி தெக்கரோவும் நொண்டினான். அரசருக்குச் சோளக் கள் கொண்டுவந்து கொடுப்பது அவன் வேலை. நொண்டியபோது கிண்ணம் சாய்ந்து, கள் அத்தனையும் அரசரின் மடியில் கொட்டிவிட்டது. ஈரத்தில் உட்கார்ந்தபடி அரசர், "இனி இந்த அவையில் உன் கால்கள் ஒருபோதும் நொண்டக் கூடாது. இது அரச வாக்கு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தெக்கரோ நேராக நடந்தான்.

வயேக்கி இதற்காகவே காத்திருந்தவர். சிம்மாசனத்தின் கடைசிப் படியில், அரசரின் காலடியில் உட்காரும் உரிமை தெக்கரோவுக்கு மட்டும்தான் இருந்தது. அந்தப் படியில் தன் மைத்துனனை உட்கார வைக்க அமைச்சருக்கு வெகு நாள் ஆசை. ஏழாம் நாள் அவர் அவையில் எழுந்து, வழக்கத்தை மீறியவனைப் பாலைவனத்துக்கு அப்பால் துரத்த வேண்டும் என்பது முன்னோர் விதித்த தண்டனை என்று நினைவூட்டினார். அரசர் தம் வாக்கைச் சொன்னார். அமைச்சர் பணிவாகக் குனிந்தார்.

"அரசே, தங்கள் வாக்கும் உடையக் கூடாது, முன்னோர் வழக்கமும் உடையக் கூடாது. நாளை உச்சிவேளைக்குள் இவன் கால்கள் நொண்டாமல் இவன் நொண்டிக்கொண்டு வரட்டும். முடியாவிட்டால் பாலைவனத்துக்கு அப்பால் போகட்டும்."

அரசருக்கு மறுக்க வழி தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டார்.

தெக்கரோ வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னான். அவன் மனைவி மலேதா கள் பானையைக் கலக்கிக்கொண்டிருந்தவள் துடுப்பை அப்படியே விட்டுவிட்டாள். "பாலைவனத்துக்கு அப்பால போய் யாருக்குங்க கள் காய்ச்சுறது? ஒட்டகத்துக்கா? மொதல்லயே கிண்ணத்தை ஒழுங்காப் பிடிச்சிருக்கக் கூடாதா?" என்றாள். வாசலில் குயவர் வீட்டுக் கழுதை போய்க்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திடீரென்று எழுந்து ஆடத் தொடங்கினான். மலேதா பயந்துபோய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் உச்சிவேளை. அவைக்குள் தெக்கரோ கழுதைமேல் வந்தான். கழுதைக்கு இடது முன்னங்காலில் காயம். அது ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அவன் முன்னால் சாய்ந்தான், பின்னால் நிமிர்ந்தான். கால்கள் இரண்டும் அசையாமல் தொங்கின.

"அரசே, என் கால்கள் நொண்டவில்லை. ஆனால் வாசலிலிருந்து இதுவரை நொண்டிக்கொண்டுதான் வந்தேன்" என்றான்.

அரசரின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. வயேக்கி முந்திக்கொண்டார். "கழுதையின் நொண்டல் விசுவாசம் ஆகுமா? எங்கள் நொண்டலோடு அதை ஒப்பிடுவதா?"

"ஒப்பிட முடியாதுதான், அமைச்சர் பெருமானே" என்றான் தெக்கரோ. "அரசே, தங்களுக்கு முள் குத்தியது எந்தக் காலில்?"

"இடது காலில்."

"கழுதைக்கும் இடது. பெருமானே, தங்களுக்கு?"

வயேக்கி குனிந்து பார்த்தார். அவை முழுவதும் குனிந்து பார்த்தது. அத்தனை பேரும் வலது காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

அரசருக்கு முதுகு காட்டக் கூடாது என்பது இன்னொரு வழக்கம். அதனால் எட்டு நாளும் எல்லோரும் அவரை எதிரே நின்றே பார்த்து, கண்ணாடியில் தெரிவதுபோல நொண்டியிருக்கிறார்கள். அரசருக்கும் கண்ணாடி பார்ப்பதுபோலவே இருந்ததால் சந்தேகம் வரவில்லை. காலடியில் உட்கார்ந்து அந்தக் காலுக்கு ஈ ஓட்டியவன் ஒருவனுக்குத்தான் எந்தக் கால் என்று தெரியும்.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் காலை மாற்றினார்கள். பக்கத்தில் இருப்பவர் மாற்றுவதைப் பார்த்துச் சிலர் திரும்பவும் மாற்றினார்கள். இரண்டு காலையும் தூக்கப் பார்த்த பூசாரி ஒருவர் விழுந்தார். அவர்மேல் வில்லாளிகளின் தலைவர் விழுந்தார். அவர் முரசின்மேல் சாய, முரசு உருண்டுபோய்ப் படியில் இடித்து நின்றது. கழுதை மட்டும் எதுவும் நடக்காததுபோல நின்றுகொண்டிருந்தது.

அரசர் சிரித்தார். சிரிப்புத் தாங்காமல் எழுந்து இரண்டு காலாலும் தரையை உதைத்தார். பாதத்தில் போட்டிருந்த கட்டு அவிழ்ந்து விழுந்தது. வலி எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை.

அரசர் நேராக நின்றதும் அவையும் நேராக நின்றது, வயேக்கியைத் தவிர. நொண்டல் அசலாக இருக்க வேண்டுமென்று எட்டு நாளாக வலது செருப்புக்குள் பேரீச்சங்கொட்டை வைத்து நடந்தவர் அவர். இப்போது நிஜமாகவே நொண்டினார்.

அரசர் தம் தங்கக் கையணியைக் கழற்றித் தெக்கரோவுக்குப் போட்டார். கடைசிப் படி அவன் ஆயுள் முழுவதும் அவனுக்கே என்றார். அரண்மனை வைத்தியரைக் கூப்பிட்டுக் கழுதையின் காலைப் பார்க்கச் சொன்னார்.

கழுதை பத்து நாளில் நேராக நடந்தது. வயேக்கிக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை அவர் நொண்டிக்கொண்டு வரும்போதெல்லாம் அரசர் சிரித்தார். அரசர் சிரித்தால் அவையும் சிரிக்க வேண்டும் என்பதும் வழக்கம். ஆகவே வயேக்கியும், ஒரு காலைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.