பெரியானின் உதடு தொங்கிய கதை

நாயும் ஆடும் பறவையும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எந்த நாய்க்கும் எச்சில் ஒழுகியதில்லை. எல்லா நாய்களுக்கும் உதடு பல்லோடு ஒட்டிக் கச்சிதமாக இருந்தது. அதிலும் பெரியான் என்ற நாய்க்குத் தன் வாயழகில் கொஞ்சம் கர்வமே உண்டு. கன்றுக்குட்டி அளவு உடம்பு. ஆனால் கஞ்சி குடித்தால் ஒரு சொட்டு கீழே சிந்தாது.

பெரியானும் அதன் தம்பி செம்பனும் சடையாண்டியின் ஆட்டுக் கிடைக்குக் காவல். சடையாண்டியும் அவன் மனைவி இருளாயியும் ஊர் ஊராகப் போய், அறுப்பு முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆடுகளை அடைத்து வைப்பவர்கள். பிறந்த குட்டியைக் கூடையால் கவிழ்த்து மூடி, நரி புரட்டிவிடாமல் மேலே கல் வைப்பது அவர்கள் வழக்கம்.

ஒரு கோடையில் கிடையை அடுத்த ஊருக்கு மாற்றும் நாள் வந்தது. அன்று விடியலில்தான் செவலையாடு ஒரு குட்டி போட்டிருந்தது. சடையாண்டி அதைத் தனியாக ஒரு பனையடியில் மூடி வைத்தான். கிளம்பும்போது, இருளாயி எடுத்துக்கொள்வாள் என்று அவன் நினைத்தான். அவன் தோளில் போட்டிருப்பான் என்று அவள் நினைத்தாள். செவலையாடு கத்தத்தான் செய்தது. மொத்தக் கிடையும் கத்துகிற சத்தத்தில் அது யார் காதில் விழும்? இருவரும் மந்தையை ஓட்டிக்கொண்டு போயே விட்டார்கள்.

பாதி வழியில் செவலையாடு காலை ஊன்றி நின்றுவிட்டது. மந்தையின் கடைசியில் வந்த நாய்களிடம், "எம் புள்ளயக் காணோம் அண்ணே!" என்று அழுதது.

பெரியான் சட்டென்று செம்பன் பக்கம் திரும்பியது. "தம்பி, நீ முன்னால ஓடி அவங்களக் கூட்டியா. நான் திரும்பிப் போறேன்" என்றது. செம்பன் காற்றாய்ப் பறந்தது.

பெரியான் போய்ச் சேர்ந்தபோது பனை நிழல் எப்போதோ நகர்ந்துவிட்டிருந்தது. கொதிக்கிற வெயிலில், கூடைக்குள் குட்டி நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடந்தது. கல்லை முட்டித் தள்ளலாமென்றால், கூடை நசுங்கிக் குட்டியின் மேலேயே விழும்.

"தொண்ட காயுது மாமா" என்றது குட்டி.

பெரியான் களத்துமேட்டைத் தாண்டிக் குளத்துக்கு ஓடியது. வாய் நிறையத் தண்ணீர் எடுத்தது. ஆனால் அந்தக் கச்சிதமான வாயில் எவ்வளவு பிடிக்கும்? கூடைக்குத் திரும்புவதற்குள் நாக்கு நனைகிற அளவுதான் மிஞ்சியது. குட்டிக்கு இப்போது பேச்சும் வரவில்லை.

மறுபடியும் குளத்துக்கு ஓடி, அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த கூழைக்கடாப் பறவையிடம் கெஞ்சியது. "உன் அலகுப் பையில கொஞ்சம் தண்ணி மொண்டுட்டு வாயேன்!"

"தண்ணியோட என்னால மேல எழும்ப முடியாதப்பா. வடிச்சிட்டுத்தான் பறப்பேன்" என்றது கூழைக்கடா. "வேணும்னா உன் உதட்டப் புடிச்சு இழுத்து உனக்கும் ஒரு பை பண்ணித் தர்றேன். ஆனா யோசிச்சுக்க. தோலு ஒருதரம் தொங்கிட்டா தொங்கினதுதான். என்னையப் பாத்தேல்ல?"

பெரியான் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தது. அழகான வாய்தான். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"இழு" என்றது.

கூழைக்கடா ஒரு பக்க உதட்டைக் கவ்வி இழுத்தது. பிறகு மறுபக்கம். பெரியானுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. ஆனால் இந்தமுறை இரண்டு கன்னத்திலும் தண்ணீர் தளும்பியது. வழியெல்லாம் சொட்டியும், கூடையின் இடுக்கு வழியாக ஊற்றப் போதுமான அளவு மிச்சமிருந்தது. போவதும் வருவதுமாக ஊற்றிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் குட்டி மெல்லக் கண்ணைத் திறந்து, "இன்னும்" என்றது. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அவ்வளவு பெரிய நாய் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டது.

வெயில் தாழும் நேரத்தில் செம்பனுக்குப் பின்னால் எல்லோரும் ஓடிவந்தார்கள். சடையாண்டி கல்லைத் தூக்கி எறிந்தான். குட்டி தள்ளாடி எழுந்து நேரே தாயின் மடிக்குப் போனது.

"நீ தூக்கியாந்தேன்னுல்ல நெனச்சேன், பாவி மனுசா!"

"நீ எடுத்துருப்பேன்னு நான் நெனச்சேன் புள்ள!"

சண்டை அதற்குமேல் போகவில்லை. போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருளாயி பெரியானைக் கட்டிக்கொண்டாள். அது தலையை ஒரு உதறு உதற, உதட்டில் தேங்கியதெல்லாம் அவள் முகத்தில் தெறித்தது. அவள் துடைக்கவே இல்லை.

அன்று முதல்தான் பெரியானின் வம்சத்தில் வந்த பெரிய பெரிய நாய்களெல்லாம் உதடு தொங்கி, போகிற இடமெல்லாம் எச்சில் ஒழுகவிட்டு நடக்கின்றன. அப்படியொரு நாய் வந்து உங்கள் மடியில் மோவாயை வைத்து வேட்டியை நனைத்தால் விரட்டிவிடாதீர்கள். உங்களுக்குத் தாகமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகத்தான் அது வருகிறது.