கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

“ரெண்டு தடவை கேஸ் போட்டுட்டேன், மாஸ்டர். ஏசி ஓடுது. குளிரைத்தான் காணோம்.”

தணிகைவேலுக்கு ஐம்பத்தொன்பது வயது. பள்ளிக்கூட ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்காரப் பிடிக்காமல், வேலூரில் ஏசி பழுது பார்க்கும் தில்ஷாத்திடம் வேலை கற்றுக்கொள்ள வந்தார். தில்ஷாத்துக்கு முப்பத்து நான்கு. அவர் மகளைவிட ஏழு வயதுதான் மூத்தவள். ஆனாலும் வாய் நிறைய மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

தில்ஷாத் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

“யார் வீட்டு ஏசி?”

“என் வூட்டு ஏசிதான். நானே மாட்டினேன்.”

அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. மூன்று மாதம் கற்ற பிறகு முதன்முதலாகத் தனியாக மாட்டிய ஏசி அது. மறுநாள் மகள் தேன்மொழி, பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். கத்திரி வெயில் கொளுத்துகிறது. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அறை சூடாக இருக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“இன்னொரு தடவை கேஸ் போட்டா சரியாயிடுமா?”

“வாங்க, பாக்கலாம்.”

வீட்டுக்கு வந்த தில்ஷாத் அறையிலிருந்த ஏசிப் பெட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகப் பக்கவாட்டு வராந்தாவுக்குப் போனாள். வெளியே வைக்க வேண்டிய பெரிய பெட்டியை தணிகைவேல் அங்கேதான் வைத்திருந்தார். வராந்தாவுக்கு மூன்று பக்கம் சுவர். நாலாவது பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி.

“ஒரு நாற்காலி குடுங்க.”

கொண்டுவந்தார். அதைப் பெட்டிக்கு எதிரே போட்டாள்.

“உக்காருங்க, ஐயா.”

உட்கார்ந்தார். அவள் வீட்டுக்குள் போய், ஏசியை ஓடவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்து நிமிஷம் கழித்துத் திறந்தாள். தணிகைவேல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்.

“இன்னாம்மா இது, இட்லிச் சட்டியில உக்கார வெச்ச மாதிரி!”

மாஸ்டர் என்பது மறந்துபோயிருந்தது.

“இவ்ளோ சூடு எங்கேருந்து வந்துச்சு?”

“மெஷின் ஓடுற சூடு.”

“அது கொஞ்சம். மீதி?”

அவர் நெற்றி வேர்வையை வழித்தார்.

“மீதி உங்க ரூம்ல இருந்தது.”

அவர் பெட்டியைப் பார்த்தார்.

“அப்ப, கேஸ்ல இருக்கிற குளிர்?”

“கேஸ்ல ஏது குளிர்? அது கூடை தூக்குற ஆள் மாதிரி. உள்ளே போய்ச் சூட்டை ஏத்திக்கும். கம்ப்ரசர் அதைப் போட்டு அழுத்தும். வெளியே வந்து சூட்டை இறக்கிட்டு, வெறுங்கூடையோட திரும்பிப் போகும். மறுபடி ஏத்தும். அவ்ளோதான்.”

“இங்கதானே இறக்குது?”

“இது வெளியவா, ஐயா?”

தணிகைவேலின் பார்வை கண்ணாடிக்குப் போனது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்தடிச் சந்து. சந்தும் அதை அடுத்த வீடும் அவருடைய அண்ணன் முனிரத்தினத்தின் பாகம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் வீட்டைப் பிரித்த அன்று, ஒரு முருங்கை மரம் யாருக்கு என்று சண்டை வந்தது. “என் வூட்டுக் காத்துகூட உன் பக்கம் வராது” என்று தணிகைவேல் கத்தினார். அந்த வாரமே வராந்தாவைக் கண்ணாடி போட்டு அடைத்தார். முருங்கை மரம் அடுத்து வந்த புயலில் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் திரும்பி வரவில்லை.

“கண்ணாடியை எடுத்தா அனல் பூரா எங்க அண்ணன் ஜன்னல்ல அடிக்கும், மாஸ்டர்.”

“அடிக்கும்.”

“வேற வழி?”

“இல்ல.”

அவர் கூடுதலாகப் போட்டிருந்த கேஸைத் தன் சிலிண்டரில் இழுத்துக்கொண்டாள். பையை மூடினாள்.

“கண்ணாடியைச் சந்துப் பக்கமிருந்துதான் கழட்டணும். பெரிய கண்ணாடி. ரெண்டு பேர் வேணும்.”

“நீங்க இருக்கீங்களே?”

“எனக்குக் காட்பாடியில வேலை இருக்கு.”

ஸ்கூட்டர் போய்விட்டது. தணிகைவேலுக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது.

சாயங்காலம் அண்ணன் வீட்டு வாசல் வரை போனார். திரும்பினார். மறுபடி போனார். திரும்பினார். மூன்றாவது தடவை போனபோது கதவு தானாகத் திறந்தது.

“ரெண்டு தடவை வந்துட்டுப் போனதைப் பாத்தேன்” என்றார் முனிரத்தினம். “இன்னா விஷயம்?”

ஏசி, குழந்தை, வேர்க்குரு, கண்ணாடி எல்லாவற்றையும் தணிகைவேல் ஒரே மூச்சில் கொட்டினார்.

“உன் ஜன்னல்லதான் அடிக்கும்ணே. அனல். நாள் பூரா.”

அண்ணன் சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“கொயந்த பொண்ணா, பையனா?”

“பொண்ணு.”

முனிரத்தினம் உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தார் தணிகைவேல். ஆனாலும் வாசலிலேயே நின்றார்.

அண்ணன் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடும் பழைய போர்வையோடும் திரும்பி வந்தார்.

“நீ கீழே பிடி. என்னால குனிய முடியாது.”

இருட்டுவதற்குள் கண்ணாடி இறங்கிவிட்டது. கழற்றி முடிக்கும்வரை தணிகைவேல் வாய் ஓயவில்லை. கூடை தூக்கும் ஆள், வெறுங்கூடை, கம்ப்ரசர் என்று அண்ணனுக்கு முழுப் பாடமும் நடத்தினார். அண்ணன் ஆறு வருஷமாகக் கேட்காததைக் கேட்பவர்போல உம் கொட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தேன்மொழி வந்தாள். அறை சில்லென்றிருந்தது. சிணுங்கிக்கொண்டே வந்த குழந்தை கால் மணி நேரத்தில் தூங்கிப்போனது. தணிகைவேலுக்கு அப்பாடா என்றிருந்தது. கதவோரம் நின்று, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மதியம் தில்ஷாத் வந்தாள். உள்பெட்டியின் காற்றில் கையை நீட்டிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் மாட்டியிருக்கீங்க, ஐயா.”

மூன்று மாதத்தில் அவள் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

“அண்ணன் எங்கே?”

“காலையிலேருந்து கூப்பிடுறேன். வரவே மாட்டேங்கிறாரு.”

இருவரும் சந்துக்குப் போனார்கள்.

முனிரத்தினம் அங்கே முக்காலி போட்டு, பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. அவர் பின்னால், ஆறு வருஷமாகச் சாத்திக் கிடந்த ஜன்னல் திறந்திருந்தது.

“அனல்ல ஏண்ணே உக்காந்திருக்கே? உள்ளே வா, சில்லுனு இருக்குது.”

“கொயந்த தூங்குதா?”

“நல்லா தூங்குது.”

“அப்ப, இது அது மேல இருந்த சூடுதானே?”

“ஆமாண்ணே.”

முனிரத்தினம் முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

“வரட்டும்.”