பொன்னுரங்கம் சாருக்கு ஒரு ஃபிரேம்

இந்தக் கதையில் குருவின் வயது சீடரின் வயதில் பாதிதான். ஒரு காலத்தில் குருவுக்கு அறிவியல் பாடம் நடத்தி, பேசிக்கொண்டே இருந்ததற்காக வகுப்புக்கு வெளியே நிறுத்திய வாத்தியாரே பின்னாளில் சீடராக வந்து சேர்ந்தார்.

குருவின் பெயர் நிலோஃபர். கோயம்புத்தூரில் வடவள்ளி போகும் சாலையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறாள். ஆளை அளவெடுத்து, ஃபிரேம் ஒன்று, பாகங்கள் பல என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி சைக்கிள் கட்டித் தருவது அவள் தொழில். சீடர் பொன்னுரங்கம் சார். ஓய்வு பெற்ற பிறகு சைக்கிள் பைத்தியம் பிடித்து, அவளிடம்தான் மலை ஏறவே கற்றுக்கொண்டார். கடைக்குள் நுழையும்போதே "குருவே" என்பார். அவள் எழுந்து நின்று "வாங்க சார்" என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு தனிச் சந்தோஷம்.

அன்றைக்கு சார் முடிவோடு வந்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த பந்தய ஃபிரேமைக் காட்டினார். நீளமாக, முன்பக்கம் தாழ்ந்து, கறுப்பாக மின்னியது.

"இதுதான் வேணும்."

"சரிங்க சார். பின்னாடி பல்சக்கரம்?"

"சின்னது. பந்தயத்துல ஓட்டறவன் போடறது."

"ஏத்தத்துக்குப் பெருசு இருந்தாக் காலுக்கு லேசா இருக்குமுங்க."

"பெருசைப் போட்டுட்டு ஞாயித்துக்கிழமை கும்பல்ல எப்படித் தலை காட்டறது?"

பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டவன் கிழவன் என்று ஞாயிறுதோறும் சேர்ந்து சைக்கிள் ஓட்டும் அந்தக் கும்பலில் யாரோ எப்போதோ சொல்லி வைத்துவிட்டார்கள். முட்டி தேய்ந்தாலும் தேயலாம், பல்சக்கரம் மட்டும் பெருக்கக் கூடாது. சாரும் அந்தக் கட்சிதான்.

"என்னங்க சார், திடீர்னு புது சைக்கிள்?"

"பரிதி வர்றான்."

பரிதி அவருடைய ஒரே மகன். ஜெர்மனியில் வேலை. அங்கே மலை மலையாகச் சைக்கிளில் ஏறி இறங்குகிறவன். போனில் அப்பாவும் மகனும் பேசுவது "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்ப்பா" என்பதோடு சரி. அதற்குள் போன் அம்மா கைக்குப் போயிருக்கும். அவன்தான் போன வாரம் தானாகவே, "இந்தத் தடவை நாம ரெண்டு பேரும் கோத்தகிரி ஏறலாமாப்பா" என்று கேட்டிருக்கிறான். அதைச் சொல்லும்போது சாரின் முகம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையின் முகம்போல இருந்தது.

"அவன்கூட ஒரு காலைப் பொழுது. இத்தனை வருசத்துல எனக்குக் கெடைச்சது அதுதான். நான் பின்தங்கிட்டேன்னா அதுவும் போச்சு. குருவே, அவனை விட்டுறாமப் போகறதுக்கு எந்த ஃபிரேம், எந்தெந்தப் பாகம்? நீதான் சொல்லோணும்."

நிலோஃபர் மூலையில் நின்ற அளவெடுக்கும் சைக்கிளைக் காட்டினாள். அதற்குச் சக்கரம் கிடையாது. சீட்டும் ஹேண்டிலும் வேண்டிய பக்கம் நகரும். ஏற்றம் ஏறுவதுபோலப் பெடலை இறுக்கலாம். சார் கேட்ட ஃபிரேமின் அளவுக்கே எல்லாவற்றையும் வைத்து, பல்சக்கரமும் அவர் கேட்ட மாதிரியே இருந்தால் எவ்வளவு கனக்குமோ அவ்வளவு இறுக்கி, அவரை ஏற்றிவிட்டாள். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மிதிங்க சார். பரிதி சின்னதுல எப்படிங்க?"

"வாலு."

"அவருக்குச் சைக்கிள் யாரு பழக்குனது?"

"நான்."

"எங்க வெச்சுங்க?"

"ஸ்கூல்..." என்றார். மூச்சு இரைத்தது, அதற்குமேல் பேச்சு வரவில்லை. மூக்கு ஹேண்டிலைத் தொட்டுவிடும்போல் இருந்தது.

அவள் எழுந்து ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தினாள். இன்னும் கிட்டே தள்ளினாள். பெடலைத் தளர்த்தினாள்.

"ஸ்கூல்ல?"

"மைதானத்துல. கையை விட்டேன். நேரா என்மேலயே வந்து மோதிட்டான்."

மறுபடி கொஞ்சம் உயர்த்தினாள், கொஞ்சம் தளர்த்தினாள்.

"அழுதாருங்களா?"

"எங்க அழுதான்! முட்டியெல்லாம் ரத்தம். எந்திரிச்சு வந்து, 'உங்களுக்கு அடிபடலையேப்பா'ன்னு என்னையக் கேக்கறான். எனக்கு அவனை அள்ளித் தூக்கிக்கோணும்னு இருந்துச்சு. ஸ்கூல் மைதானம், நாலு பேரு பாக்கறாங்க, வாத்தியாராச்சேன்னு மொறைச்சுட்டு நின்னேன். வீட்டுக்கு வந்து அவங்கம்மாகிட்டச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன். அவன்கிட்ட மட்டும் இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்லை."

கால்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது, ஏர்போர்ட்டில் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க இவர் மட்டும் டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நிலோஃபர் சத்தம் போடாமல் டேப்பை எடுத்து, சீட்டிலிருந்து ஹேண்டில் வரை அளந்தாள்.

சார் கவனித்துவிட்டார்.

"நான் இன்னும் முடிக்கலையேம்மா."

"அளவு கெடைச்சிருச்சுங்க சார். உள்ள ஒரு பச்சை ஃபிரேம் இருக்குது, முன்பக்கம் உசரம். பின்னாடி பெரிய பல்சக்கரம் போட்டுக்கலாமுங்க."

சாரின் முகம் தொங்கிப்போயிற்று. சுவரில் இருந்த கறுப்பு ஃபிரேமை ஒரு தடவை ஏக்கத்தோடு பார்த்தார்.

"அதுல போனா அவனை எட்டிப் பிடிச்சுருவேனா?"

"பிடிச்சுருவீங்க," என்றாள். "பிடிச்சப்புறம் அவருகிட்டப் பேசறதுக்கும் மூச்சு வேணுங்களே சார்."