ஏணியின் உச்சியில் கெம்பன்

எங்கள் மலையூர் கிளப்பில் புல்தரையில் பந்து உருட்டி விளையாடுவார்கள். சுவரில் 'சவால் ஏணி' என்று ஒரு பெயர்ப்பட்டியல் மாட்டியிருக்கும். தனக்கு அடுத்து மேலே பெயர் உள்ளவரை ஆட்டத்துக்கு அழைக்கலாம். அவர் தோற்றாலும் மறுத்தாலும் இடம் கைமாறும்.

ஊழியரும் சேரலாம் என்று விதி இருந்ததால், புல் வெட்டும் கெம்பன் ஒரே ஒரு ஆட்டம் ஆடும் ஆசையில் பட்டியலின் அடியில் தன் பெயரை எழுதினான். அவனோடு ஆட எவருக்கும் மனமில்லை. ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் வீட்டில் விருந்தாளி. பந்தைத் தொடாமலே இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டான்.

முதலிடத்தில் கிளப் தலைவர் சம்பந்தமூர்த்தி. கெம்பன் அவரை அழைத்தான்.

"ஆடலாம்டா. ஆனா வெட்டும்போது மட்டும்தான் உன் கால் புல்லுல படலாம். ஆடும்போது படக்கூடாது."

"சரிங்க ஐயா. உருட்டுறவன் நிக்கிறது பாய் மேலதானே? பாயை ஓரமா விரிச்சுக்கிறேன். அந்தப் பக்கம் போக, புல்லுக்கு வெளியே சுத்தி நடந்துக்கிறேன். எப்ப ஆடலாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு முதுகுவலி."

கெம்பன் பெயர் உச்சிக்கு ஏறியது. மேலே அழைக்க ஆளில்லை; கீழேயிருந்து அவனை அழைக்க இன்றுவரை ஒருவரும் வரவில்லை. இப்போது கிளப்பில் எல்லோரும் இரண்டாம் இடத்துக்குத்தான் மோதுகிறார்கள். அதற்குக் கெம்பன் புல் வெட்டிக் கொடுக்கிறான்.