முதலில் செய்த இடம்

"என் மேப் சின்னது மேடம்" என்றார் பூவராகன்.

ஜெசிந்தா டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நாகர்கோவிலில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. ஜெசிந்தா இதுவரை மூன்று வீடியோ கேம்கள் செய்திருந்தார். மூன்றுமே சிறியவை. ஆடியவர்கள் மூன்றையும் மறக்கவில்லை. அதனால் கேம் செய்கிறவர்கள் வழி தெரியாமல் நிற்கும்போது அந்தப் படிக்கட்டில் ஏறுவார்கள்.

பூவராகன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். நல்ல வேலையை விட்டுவிட்டு நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, சென்னையில் ஒரு கேம் செய்துகொண்டிருந்தார். ஆறுகளும் மலைகளும் ஊர்களும் உள்ள ஓர் உலகம். ஆடுபவர் நினைத்த திசையில் போகலாம், நினைத்ததைச் செய்யலாம். ஆறு வருட உழைப்பு. அது வெளிவரவில்லையென்றால் இன்னொன்றைத் தொடங்கும் தெம்பு அவருக்கு இல்லை.

போன வாரம் வேறொரு கம்பெனி தன் கேமைப் பற்றி அறிவிப்பு விட்டிருந்தது. அவர்களுடைய மேப் இவருடையதைவிடப் பல மடங்கு பெரியதாம். அன்றிலிருந்து பூவராகனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

"பெருசாக்குங்க சார்."

இவ்வளவு எளிதான பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

*

அடுத்த முறை வந்தபோது அவருடைய உலகம் ஒரு மாவட்டம் அளவுக்கு இருந்தது. லேப்டாப்பைத் திறந்து, மேப்பை விரித்துக் காட்டினார். மேலே ஒரு துறைமுகம். கீழே ஒரு கோயில். நடுவில் கண்ணுக்கெட்டிய வரை நிலம்.

துறைமுகத்திலிருந்து கோயிலுக்கு நடந்து போகச் சொன்னார் ஜெசிந்தா.

குதிரை இருக்கிறது என்றார் பூவராகன்.

குதிரை வேண்டாம் என்றார் ஜெசிந்தா.

பூவராகன் கன்ட்ரோலரை எடுத்து, கேமுக்குள் நடக்கத் தொடங்கினார். புல்வெளி வந்தது. அது முடிந்து ஒரு சரிவு. சரிவு முடிந்து மறுபடியும் புல்வெளி. ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் பூவராகன் ஒரு விரலால் கன்ட்ரோலரை அழுத்திக்கொண்டே, இன்னொரு கையால் ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஃபோன்ல என்ன சார்?"

அவர் சட்டென்று ஃபோனைக் கீழே வைத்தார். திரையில் அவருடைய ஆள் ஒரு பாறையில் முட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தான்.

பூவராகன் லேப்டாப்பை மூடினார். உரித்த பட்டாணியில் பாதியை ஜெசிந்தா பொட்டலம் கட்டி, வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார்.

*

மூன்றாவது முறை அவர் வந்தபோது முகம் தெளிவாக இருந்தது.

தவறு புரிந்துவிட்டது என்றார். நிலம் இருந்தால் போதாது, நிலத்தில் சரக்கு இருக்க வேண்டும். இப்போது எங்கே திரும்பினாலும் ஏதாவது இருக்கும். புதையல் பெட்டி, மூலிகை, கொள்ளைக்காரர் முகாம், உதவி கேட்கும் ஊர்க்காரர்கள். மேப்பைத் திறந்தார். அம்மை போட்ட முகம்போல அது முழுக்க ஐகான்கள்.

இந்த முறை ஜெசிந்தா தானே கன்ட்ரோலரை வாங்கினார்.

நன்றாகவே ஆடினார். பெட்டிகளைத் திறந்தார், கொள்ளைக்காரர்களை விரட்டினார், ஒரு பெண்ணுக்குத் தொலைந்த ஆட்டைத் தேடிக் கொடுத்தார். அடுத்த ஊரிலும் ஒரு பெண்ணுக்கு ஆடு தொலைந்திருந்தது. அதையும் தேடிக் கொடுத்தார். சாயங்காலம் வரை ஆடிவிட்டுக் கன்ட்ரோலரை வைத்தார்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன சார்?"

"எந்தப் பொண்ணு?"

"ஆடு தொலைச்ச பொண்ணு."

பூவராகனுக்கு நினைவுக்கு வரவில்லை. அவர் அவளுக்குப் பெயரே வைக்கவில்லை. ஒருத்தியைச் செய்து, ஊருக்கு ஒருத்தியாக நிறுத்திவிடும்படி கம்ப்யூட்டரிடம் சொல்லியிருந்தார்.

அவருக்குக் கோபம் வந்தது. பெரிதாக இருந்தாலும் குறை, நிறைய இருந்தாலும் குறை என்றால் எவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று கேட்டார். தன்னோடு இருக்கும் நான்கு பேருக்கும் போய் என்ன பதில் சொல்வது என்று கேட்டார்.

ஜெசிந்தா கன்ட்ரோலரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதுல நீங்க முதல்ல செஞ்ச இடம் எது சார்?"

பூவராகன் யோசித்தார். கோபம் மெல்ல இறங்கியது.

ஒரு படகுத்துறை என்றார். ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவி மங்கையர்க்கரசி ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவருக்குப் பொழுது போகட்டும் என்று வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து செய்தது. ஓர் ஆறு, ஒரு படகு, ஒரு படகுக்காரர், அவ்வளவுதான். மங்கையர்க்கரசி படுக்கையில் இருந்தபடியே அந்தப் படகில் ஏறினார். அக்கரையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். இனிமேல்தான் செய்ய வேண்டும் என்றார் பூவராகன். மீதி உலகம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

"அங்க கூட்டிட்டுப் போங்க" என்றார் ஜெசிந்தா.

பூவராகன் மேப்பில் தேடினார். பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். படகுத்துறை கிடைக்கவில்லை. ஐகான்களுக்கு அடியில் ஆறே சரியாகத் தெரியவில்லை.

கடைசியில் மேப்பை மூடிவிட்டு, ஆற்றைக் கண்டுபிடித்து அதன் கரையோடு நடந்தார். வழியில் பெட்டிகள் மின்னின. யாரோ கூப்பிட்டார்கள். அவர் நிற்கவில்லை.

துறை இருந்தது. அதன் மேலேயே ஒரு கொள்ளைக்காரர் முகாம் நின்றது. கம்ப்யூட்டர் காலி இடம் என்று நினைத்து வைத்திருந்தது. படகு, கூடாரத்துக்குள் பாதி புதைந்திருந்தது.

பூவராகன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கேமைத் திருத்தும் திரையைத் திறந்து முகாமை அழித்தார். பக்கத்துப் பெட்டிகளை அழித்தார். ஆடு தொலைத்த பெண்ணை அழித்தார். ஆற்றின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும், தண்ணீரின் மேலும் மிதந்துகொண்டிருந்த ஒவ்வொரு ஐகானையும் கையாலேயே எடுத்தார். ஜெசிந்தா எழுந்து போய் மறுபடியும் டீ போட்டார்.

திரும்பி வந்தபோது கேமில் அந்தி சாய்ந்திருந்தது. படகுக்காரர் துடுப்போடு நின்றிருந்தார்.

"அக்கரைக்கா?" என்று கேட்டார் படகுக்காரர். ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதிய வசனம்.

பூவராகன் ஏறி உட்கார்ந்தார். படகு நகர்ந்தது. ஆற்றில் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. துடுப்புச் சத்தம் கேட்டது. பனி இறங்கி, புறப்பட்ட கரை மறைந்தது. வேகமாகப் போக ஒரு பட்டன் இருந்தது. அவர் விரல் அதன் பக்கம் போகவில்லை.

ஜெசிந்தா டீயை அவர் அருகில் வைத்தார்.

"ஆறு எவ்வளவு அகலம் சார்?"

பூவராகன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியல மேடம்" என்றார். "அந்தப் பக்கம் யாரோ விளக்கு வச்சிருக்காங்க. யாருன்னு பாத்துட்டு வரேன்."