எருக்குழியை மூட வந்த மயில்

புங்கமரக் குளத்தங்கரையில் மிருகங்களுக்கெல்லாம் ஒரே சமையற்கட்டு. கிழங்குத் தோல், கீரைத் தண்டு, பழுத்த காய் என்று அன்றாடம் கூடை கூடையாகக் கழிவு விழும். அதை எருவாக்குகிற வேலையைச் சடைச்சி என்ற முள்ளம்பன்றி தானாகவே தலையில் போட்டுக்கொண்டது.

சடைச்சி மேட்டில், மர நிழலில் குழி வெட்டியிருந்தது. ஒரு கூடை தோல் போட்டால் உடனே அதன்மேல் சருகைக் கொட்டி மூடும். சருகின்மேல் கொஞ்சம் மண் தூவும். அவ்வப்போது கிளறிக் காற்று விடும். கோடையில் குப்பை சீக்கிரம் மக்கும்; கொஞ்சம் அசந்தால் சீக்கிரம் நாறியும் போகும். அது சடைச்சிக்கு நன்றாகத் தெரியும். அதன் குழியில் ஈ மொய்த்ததே இல்லை. அந்த எருவைப் போட்டுத்தான் கரையோரம் பூசணி வளர்த்தது. குளம் வற்றுகிற மாதத்தில் எல்லாருக்கும் அந்தப் பூசணிதான் சோறு.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, மயிலைச் சுத்தத் தலைவர் ஆக்கினார்கள். வந்தது வினை!

"தரையில் ஒரு சருகு கிடக்கக் கூடாது!" என்றது மயில். விடிந்ததும் விடியாததுமாகத் தோகையாலேயே கரையைப் பெருக்கும். பெருக்கிய சருகையெல்லாம் குளத்தில் தள்ளிவிடும்.

சடைச்சி ஓடி வந்தது. "மயிலாரே, குழிக்குச் சருகு வேணும்! ஒரு மூலையில குவிச்சு வைங்க, நானே எடுத்துக்கிறேன்."

"குப்பையை மூடக் குப்பையா? நல்ல கதையா இருக்கே!" என்று தோகையைச் சிலுப்பிக்கொண்டு போய்விட்டது மயில்.

இது போதாதென்று நரி வேறு! மீனைத் தின்றுவிட்டுத் தலையையும் முள்ளையும் குழியிலேயே வீசியது.

"நரியாரே, மீன் போடாதீங்க! அந்த நாற்றம் பெருச்சாளியைக் கூட்டிக்கிட்டு வரும்!"

"குப்பையைக் குழியில போடாம உன் வாயிலயா போடுவாங்க?" என்றது நரி.

கேட்டீர்களா பேச்சை! பக்கத்தில் முயல் நின்றது, மான் நின்றது. எல்லாம் காதில் விழுந்தும், நமக்கேன் வம்பு என்று போய்விட்டன.

பிறகு என்ன? மூடச் சருகு இல்லாமல் குழி சொதசொதவென்று ஆனது. ஈ மொய்த்தது, புழு நெளிந்தது. பெருச்சாளி வளை தோண்டிக் குடியேறிவிட்டது. சமையற்கட்டில் சோற்றின்மேலும் ஈ!

மயில் கூட்டம் கூட்டியது. முதலில் வாயைத் திறந்தது யார் தெரியுமா? மீன் தலை போட்ட அதே நரி!

"எல்லாம் இந்தச் சடைச்சியால வந்தது! குழியை மூடணும். இவளையும் கரையை விட்டு விரட்டணும்!"

"விரட்டணும்!" என்று கூட்டமும் கத்தியது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்! சடைச்சி பாடுபட்டு வளர்த்த பூசணிக் கொடி இப்போதுதான் பூவிட்டிருந்தது. அதை விட்டுவிட்டு எங்கே போகும்? மண்ணைத் தள்ள மிருகங்கள் கிட்டே வந்ததும், தொபீரென்று குழிக்குள் குதித்தது. உடம்பில் இருந்த முள்ளெல்லாம் குத்திட்டு நின்றது.

"மூடுங்க! என்னையும் சேர்த்து மூடுங்க! அதுக்கு முன்னால இதைப் பார்த்துட்டு மூடுங்க!"

குழிக்குள்ளிருந்து ஒரு மீன் தலை பறந்து வந்து கூட்டத்தின் நடுவில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அதற்குப் பின்னால் முள்ளும் செதிலும். சடைச்சி கிளறிய கிளறலில் பெருச்சாளியும் வெளியே வந்து விழுந்தது.

"அடிக்காதீங்க!" என்று அலறியது பெருச்சாளி. "நரியார் மீன் போட்டாரு, நான் வந்தேன்! சருகு மூடிய வெறும் தோலுக்கு நான் எதுக்கு வரப்போறேன்?"

"பொய்! பச்சைப் பொய்!" என்றது நரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தது. ஆனால் அதன் கடைவாயில் மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது!

அப்போது குளத்திலிருந்து தவளை தலையை நீட்டியது. "மயிலாரே! நீங்க தள்ளின சருகு இங்கே அழுகிக் கிடக்கு. தண்ணியே வாயில வைக்க முடியலை. இதுதான் உங்க சுத்தமா?"

கூட்டம் மொத்தமும் மயிலைத் திரும்பிப் பார்த்தது. மயில் தொண்டையைக் கனைத்தது. "அதாவது, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"பேச்சு வேணாம், கூடையைத் தூக்குங்க!" என்றது சடைச்சி.

மயில் குளத்தில் இறங்கியது. தோகை முழுக்கச் சேறு! சருகை வாரி வெயிலில் உலர்த்தி, கூடை கூடையாகச் சுமந்து வந்து குழியில் கொட்டியது. நரி மீன் தலைகளைப் பொறுக்கி, தூரத்தில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தது. குழி உலர்ந்தது, ஈ ஒழிந்தது. பெருச்சாளியும் மூட்டை கட்டிக்கொண்டது.

முயல் மெல்ல வந்தது. "அக்கா, கோபம் தீர்ந்துச்சா?"

"நரி மேல தீர்ந்துச்சு. மயில் மேலயும் தீர்ந்துச்சு. உன் மேலதான் தீரலை!" என்றது சடைச்சி. "நரி மீன் போட்டதை நீ பார்த்தே. மயில் சருகைத் தள்ளினதையும் பார்த்தே. என்னை விரட்டச் சொன்னப்போ உன் வாய் எங்கே போச்சு?"

முயல் தலை குனிந்தபடி போய், ஒரு கூடைச் சருகை எடுத்து வந்து குழியின்மேல் தூவியது.

தன் தப்பை உழைக்கிறவர் தலையில் கட்டுவது எவ்வளவு பெரிய பாவமோ, உண்மை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பதும் அவ்வளவு பெரிய பாவம்தான்.